மரத்தைக் கீறினால் நிக்கல்

சப்போட்டா மரத்தில் காயைப் பறித்தால் காம்பிலிருந்து வெள்ளையாகப் பால் வடியும். கையில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. இலுப்பையும் மகிழமும்கூட சப்போட்டாவின் குடும்பம்தான். அந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம் ஒன்று பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் நியூ கலிடோனியா தீவில் வளர்கிறது. பெயர் கொஞ்சம் வாய்க்குள் நுழையாது: பிக்னாண்ட்ரா அக்குமினேட்டா. அந்த மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறினால் மயில் கழுத்து நிறத்தில் பால் வரும். அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் மரத்தையே 'நீலச் சாறு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த நிறத்துக்குக் காரணம் நிக்கல் என்ற உலோகம். பாலைக் காயவைத்து எடை போட்டால், அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிக்கல். உங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்திலும் நிக்கல் கலந்திருக்கலாம். 304 என்று முத்திரை குத்திய நல்ல ரக எவர்சில்வரிலேயே 8 விழுக்காடு அளவுதான் இருக்கும். அதைப்போல மூன்று மடங்கு நிக்கல் ஒரு மரத்தின் பாலில்! 1976-இல் ழாஃப்ரே, புரூக்ஸ் முதலிய நான்கு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதியபோது தாவரவியல்காரர்களே ஆச்சரியப்பட்டுப் போனார்கள்.

சாதாரணச் செடியின் காய்ந்த இலை ஒரு கிலோ எடுத்தால் அதில் சில மில்லிகிராம் நிக்கல்தான் இருக்கும். 1 கிராமுக்கு மேல் இருந்தால் அதை 'நிக்கல் சேர்க்கும் செடி' என்று தனியாகக் கணக்கு வைக்கிறார்கள். துத்தநாகத்துக்கு அந்த எல்லை 3 கிராம், காட்மியத்துக்கு வெறும் 100 மில்லிகிராம். இப்படி ஏதாவது ஓர் உலோகத்தை அளவுக்கு மீறிச் சேர்க்கும் செடிகள் இதுவரை 700-க்கும் மேல் தெரியவந்திருக்கின்றன. நான்கில் மூன்று பங்கு நிக்கல் பிரியர்கள். உலகில் பூக்கும் தாவரங்கள் மூன்று லட்சம் வகைக்குக் குறையாது என்பதை நினைத்தால் இது மிகச் சிறிய கூட்டம்.

சரி, மண்ணுக்குள் நிக்கல் எங்கிருந்து வந்தது? எல்லா உலோகமும் தொழிற்சாலைக் கழிவிலிருந்து வருவதில்லை. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த சில வகைப் பாறைகளில் நிக்கலும் குரோமியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கும். செடிக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரசும் குறைவாக இருக்கும். அந்தப் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகும்போது பெரும்பாலான விதைகள் அதில் முளைத்தாலும் உருப்படுவதில்லை. நியூ கலிடோனியாவில் மூன்றில் ஒரு பங்கு நிலம் இப்படிப்பட்டது. வேறு செடிகளின் போட்டி அதிகம் இல்லாத அந்த மண்ணில், உலோகத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டவை தங்கிவிட்டன.

சமாளிப்பது என்றால் என்ன? அதற்கு முதலில் உலோகம் செடிக்கு என்ன கெடுதல் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு எல்லாம் செடிக்குக் கொஞ்சம் கொஞ்சம் தேவை. நிக்கல்கூடத் தேவைதான், யூரியாவை உடைக்கும் நொதி ஒன்று நிக்கல் இல்லாமல் வேலை செய்யாது. அளவு மீறினால்தான் ஆபத்து. காட்மியம், காரீயம், பாதரசம், உலோகப்போலியான ஆர்சனிக் ஆகியவற்றுக்குச் செடியில் ஒரு வேலையும் இல்லை, துளி போனாலும் தொந்தரவுதான். இவை புரதங்களில் உள்ள கந்தக அணுக்களைப் பற்றிக்கொள்ளும். துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் காட்மியம் போய் உட்கார்ந்தால் நொதி நின்றுவிடும். வேர் குட்டையாகும், இலை மஞ்சளாகும், செடி சுணங்கிவிடும்.

வேண்டாத பொருளை வேர் ஏன் உள்ளே விடுகிறது? உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் தனிம வரிசை அட்டவணையை இப்போது எடுத்துப் பாருங்கள். பாஸ்பரசுக்கு நேர் கீழே யார்? ஆர்சனிக். துத்தநாகத்துக்கு நேர் கீழே? காட்மியம். ஒரே நெடுவரிசையில் இருக்கும் தனிமங்கள் வேதியியலில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று படித்திருப்பீர்கள். அதுதான் இங்கே வினையாகிறது. வேர்ச் செல்லின் மேலுறையில் பாஸ்பேட்டை உள்ளே இழுக்கவென்றே சில புரதங்கள் இருக்கின்றன. தண்ணீரில் கரைந்த ஆர்சனேட்டின் உருவமும் மின்னூட்டமும் ஏறத்தாழ பாஸ்பேட்டைப்போலவே இருப்பதால் அந்தப் புரதம் ஏமாந்து அதையும் இழுத்துவிடுகிறது. துத்தநாகத்துக்கும் மாங்கனீசுக்கும் உள்ள வழியில் காட்மியம் நுழைவதும் இப்படித்தான்.

பெரும்பாலான செடிகள் இதற்கு ஒரே ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன: வந்ததை வேரிலேயே நிறுத்திவிடுவது. வேரைத் தாண்டி இலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் உணவு தயாரிக்கும் வேலை கெடாது. 1981-இல் ஆலன் பேக்கர் என்ற தாவரவியலாளர் செடிகளை இதை வைத்துப் பிரித்தார். உலோகத்தை விலக்குபவை ஒரு பக்கம், சேர்ப்பவை இன்னொரு பக்கம், மண்ணில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப இலையிலும் காட்டுபவை நடுவில். நம் கதாநாயகர்கள் இரண்டாவது வகை. இவர்கள் வேரில் நிறுத்துவதில்லை, அவசர அவசரமாக மேலே அனுப்புகிறார்கள்.

ஐரோப்பாவில் அராபிடாப்சிஸ் ஹாலரி என்றொரு சின்னச் செடி, கடுகு குடும்பம். துத்தநாகமும் காட்மியமும் சேர்க்கும். அதன் நெருங்கிய உறவுச் செடி சேர்க்காது. ஏன் இந்த வித்தியாசம் என்று தேடியவர்கள் 2008-இல் விடையைக் கண்டார்கள். துத்தநாகத்தை வேரிலிருந்து சைலத்துக்குள், அதாவது தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்க்குள், தள்ளும் ஒரு புரதத்தின் மரபணு, உறவுச் செடியில் ஒன்றுதான் இருக்கிறது. ஹாலரியில் மூன்று பிரதிகள் இருக்கின்றன, மூன்றும் ஓயாமல் வேலை செய்கின்றன. அந்த மரபணுவை ஆய்வகத்தில் அடக்கிவைத்தபோது ஹாலரியும் துத்தநாகத்தை வேரிலேயே தேக்கிவிட்டது. புதிதாக எந்த மரபணுவும் தேவைப்படவில்லை பாருங்கள். எல்லாச் செடியிடமும் இருப்பதையே மூன்றாக்கி, ஓயாமல் வேலை வாங்கியதில் கதை மாறிவிட்டது.

மேலே போகிற வழியிலும் உலோகத்தைத் தனியாக விட முடியாது. தனியாக விட்டால் வழியில் கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதனால் அதைச் சுற்றிக் கட்டிப்போட வேறு மூலக்கூறுகள் வேண்டும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் அந்த வேலையைச் செய்யும். நியூ கலிடோனியா மரத்தின் நீலப் பாலில் நிக்கல் பெரும்பாலும் சிட்ரேட்டோடு சேர்ந்தே இருக்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் நிக்கலை நன்றாகப் பிடிக்கும். காட்மியத்தைப் பிடிக்கக் கந்தகம் நிறைந்த குட்டிப் புரதங்களைச் செடிகள் அவசரத்துக்குத் தயாரிக்கின்றன. 1985-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இவற்றைப் பிரித்தெடுத்து பைட்டோகெலாட்டின் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் எந்தச் செடியின் செல்களில் தேடினார்கள் தெரியுமா? நம் நாட்டு மருந்துச் செடியான சர்ப்பகந்தா! கண்ணாடிக் குடுவையில் வளர்த்த சர்ப்பகந்தாவின் செல்களுக்குக் காட்மியம் கொடுத்தபோது அவை இந்தப் புரதங்களைச் செய்யத் தொடங்கின.

இனி இலை. முதிர்ந்த தாவரச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் பெரிதாக ஒரு நீர்க்குமிழ் தெரியும். வாக்குவோல் என்று பாடத்தில் வரும். செல்லின் பெரும்பகுதி இடத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும், சர்க்கரை, அமிலம், நிறமி, கழிவு எல்லாம் அங்கேதான். வீட்டில் பரண் இருக்கிறதல்லவா, உடனே வேண்டாதது, குழந்தைகள் கை படக்கூடாதது எல்லாம் அங்கே ஏறிவிடுமே, அப்படி உலோகமும் இந்த வாக்குவோலுக்குள் ஏற்றப்படுகிறது. அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பல செடிகளில் உலோகம் இலையின் மேல்தோல் செல்களில்தான் அதிகம் தங்கும். மேல்தோல் செல்களில் பெரும்பாலும் பச்சையம் இருக்காது. உணவு தயாராகும் உள் செல்களுக்குத் தொந்தரவு வராத இடமாகப் பார்த்து வைக்கிறது செடி. சேர்ப்பது பெரிய காரியமில்லை, சேர்த்ததை எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் என்பேன்.

ஆர்சனிக் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மரக்கட்டைகளைக் கரையான் அரிக்காமல் இருக்கக் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் கலந்த மருந்து போட்டுவந்த ஓர் இடம் கைவிடப்பட்டுக் கிடந்தது. மண்ணெல்லாம் ஆர்சனிக். அங்கே முளைத்திருந்த 14 வகைச் செடிகளை லேனா மா என்ற பேராசிரியரின் குழு சோதித்தது. ஒரே ஒரு பெரணி மட்டும் தனித்து நின்றது. அதன் காய்ந்த இலை ஒரு கிலோவில் 3 முதல் 5 கிராம் ஆர்சனிக். ஆய்வகத்தில் ஆர்சனிக் கலந்த மண்ணில் ஆறு வாரம் வளர்த்தபோது 22 கிராமைத் தாண்டியது. 2001-இல் 'நேச்சர்' இதழில் வந்தது இந்தச் செய்தி.

அந்தப் பெரணியின் பெயர் டெரிஸ் விட்டாட்டா. சீனத்துப் பெரணி என்று சொன்னாலும் அது நம் ஊரிலும் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர், படிக்கட்டுக் கிணறு, பாலத்தின் அடிப்பக்கம் என்று ஈரம் கசியும் இடங்களில் முளைக்கும். ஒரு நீள நரம்பின் இரு பக்கமும் குறுகலான சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். நுனியில் உள்ள சிற்றிலை எல்லாவற்றையும்விட நீளம். சிற்றிலையைத் திருப்பினால் இரு ஓரங்களிலும் பழுப்பு நிறத்தில் கோடு இழுத்ததுபோல் வித்துக்கள் இருக்கும்.

இந்தப் பெரணி பாஸ்பேட்டுக்கான வழியில் நுழையும் ஆர்சனேட்டை ஆர்சனைட் ஆக மாற்றுகிறது. இதில் ஒரு வேடிக்கை, ஆர்சனைட்தான் இரண்டில் கொடிய நஞ்சு! ஆனால் ஆர்சனைட்டை வாக்குவோலுக்குள் தள்ள அதனிடம் ஒரு புரதம் இருக்கிறது. பூக்கும் தாவரங்களிடம் அந்தப் புரதம் இல்லை. நெல்லும் தக்காளியும் செய்ய முடியாததைப் பெரணி செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு பாடுபட்டு நஞ்சைச் சேர்த்து என்ன லாபம்? பூச்சிகளைக் கேட்டால் தெரியும். கலிஃபோர்னியாவில் நிக்கல் சேர்க்கும் கடுகுக் குடும்பச் செடி ஒன்றை முட்டைக்கோஸ் வெண்பட்டாம்பூச்சியின் புழுக்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள். நிக்கல் ஏறிய இலையைத் தின்ற புழுக்கள் செத்துப்போயின. 2007-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பாலா ரத்தினசபாபதி குழு, ஆர்சனிக் ஏறிய பெரணியை வெட்டுக்கிளிகள் தின்னத் தயங்குவதைக் காட்டியது. ஆக, நஞ்சு ஒரு தற்காப்பு. ஆனால் இயற்கையில் எந்தப் பூட்டுக்கும் சாவி செய்ய ஒருவர் கிளம்பிவிடுவார். அதே கலிஃபோர்னியச் செடியின் மேலேயே குடியிருந்து அதன் சாற்றைக் குடித்து வாழும் ஒரு சின்னப் பூச்சியும் இருக்கிறது. அதன் உடம்பிலும் நிக்கல் நிறைய. அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

இந்தச் செடிகளைக் காட்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிக்கலைக் கண்டுபிடிப்பது வெகு சுலபம். டைமெத்தில்கிளையாக்சைம் என்ற வேதிப்பொருளைத் தடவிக் காயவைத்த வெள்ளைத் தாளை ஆய்வாளர்கள் பையில் வைத்துக்கொள்வார்கள். இலையைக் கிள்ளி, கசியும் பக்கத்தைத் தாளில் வைத்து அழுத்துவார்கள். நிக்கல் அதிகம் இருந்தால் அழுத்திய இடம் அப்படியே ரோஜா நிறமாகிவிடும். சாதாரண இலை என்றால் பச்சைக் கறை மட்டும்தான்.

காட்டுக்குப் போகாமலேயே கண்டுபிடித்தவர்களும் உண்டு. 1977-இல் புரூக்ஸ் குழுவினர் உலகின் பல ஹெர்பேரியங்களிலிருந்து, அதாவது செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகங்களிலிருந்து, துளித்துளி இலை வாங்கிச் சோதித்தார்கள். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் யாரோ பறித்து ஒட்டிய இலையிலும் நிக்கல் அப்படியே இருந்தது. அந்த இலை எந்த ஊரில் பறித்தது என்று தாளில் எழுதியிருக்குமே, அதை வைத்து நிக்கல் பாறை எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியத்தை ஆசிரியரிடம் சொல்லிப் போய்ப் பாருங்கள். பழைய தாள்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

புரூக்ஸ் குழு அப்போது சோதித்த இரண்டு பேரினங்களில் ஒன்று ஹைபாந்தஸ். நம் வயல் ஓரத்து ஓரிதழ் தாமரை அந்தப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த செடிதான். இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸங்கொட என்று ஒரு செம்மண் மேடு இருக்கிறது. மரமே அதிகம் வளராது. இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். உண்மைக் காரணம் அடியில் இருக்கும் நிக்கல் பாறை. அந்த மேட்டில் வளரும் ஓரிதழ் தாமரை இலையில் நிக்கலைச் சேர்ப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வயல் வரப்பில் உள்ள அதே செடியில் அவ்வளவு நிக்கல் இருக்காது, மண் வேறு.

நெல்லியும் கீழாநெல்லியும் சேர்ந்த ஃபிலாந்தஸ் பேரினத்திலும் இப்படிப்பட்ட சொந்தங்கள் உண்டு. மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு ஃபிலாந்தஸ் மரத்தின் பட்டையை உரித்தால் கரும்பச்சைச் சாறு வரும். அதிலும் நிக்கல்தான். இன்னொரு ஃபிலாந்தஸ் புதர், ருஃபஸ்சேனி என்று பெயர். செடிகளைக் கொண்டு மண்ணைச் சுத்தம் செய்யலாம், உலோகமும் எடுக்கலாம் என்று 1980-களிலேயே சொன்ன அமெரிக்க மண்ணியலாளர் ருஃபஸ் சேனியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். சபாவில் இந்தப் புதரைப் பயிராகவே நட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிளைகளை வெட்டி, காயவைத்து, எரித்தால் சாம்பலில் சுரங்கத் தாதுவில் இருப்பதைவிடப் பல மடங்கு நிக்கல். சுரங்கத்தில் வெட்டும் தாதுவில் பொதுவாக 1 அல்லது 2 விழுக்காடுதான். வெட்டிய புதர் மறுபடி தழைக்கும்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அப்படியானால் கழிவு கொட்டிய இடத்தில் எல்லாம் பெரணியை நட்டுவிட வேண்டியதுதானே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்தில் 20 செ.மீ. ஆழத்துக்கு உள்ள மண் ஏறத்தாழ 1,000 டன். ஒரு கிலோ மண்ணில் 50 மில்லிகிராம் ஆர்சனிக் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 50 கிலோ. தாராளமாக ஆண்டுக்கு 4 டன் காய்ந்த பெரணி இலை கிடைத்து, கிலோவுக்கு 1 கிராம் வீதம் இழுத்தாலும் ஆண்டுக்கு 4 கிலோதான் போகும். முழுவதும் எடுக்கப் பன்னிரண்டரை ஆண்டு! போகப்போக மண்ணில் இறுகிப்போன மிச்சத்தை வேரால் எடுக்க முடியாது என்பதால் இன்னும் இழுக்கும். காரீயம் இதைவிட மோசம், மண்ணைவிட்டு லேசில் கிளம்பவே கிளம்பாது. அறுத்த பெரணியையும் எங்கேயாவது பத்திரமாக வைத்தாக வேண்டும். ஆட்டுக்குப் போட முடியாது, திறந்த வெளியில் கொளுத்தவும் கூடாது. ஆர்சனிக் ஆவியாகிப் புகையோடு போய்விடும். செடி நஞ்சை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது.

இடம் மாறி அது நம் தட்டுக்கே வந்த கதையும் இருக்கிறது. ஜப்பானில் ஜின்சூ ஆற்றின் மேற்பக்கம் ஒரு சுரங்கம். அதிலிருந்து வந்த காட்மியம் ஆற்று நீரோடு வயல்களில் பாய்ந்தது. நெற்பயிர் பயிராகத்தான் நின்றது, கதிரும் வைத்தது. அந்த அரிசியைப் பல ஆண்டுகள் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்புகள் தாமாக முறியும் அளவுக்கு நோய் வந்தது. 1968-இல் ஜப்பான் அரசு அதற்குக் காட்மியமே காரணம் என்று ஒப்புக்கொண்டது. பின்னாளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் காட்மியம் நுழைவது மாங்கனீசின் வழியாக என்று கண்டு, அந்த வழி அடைபட்ட கோஷிஹிகாரி ரக நெல்லை 2012-இல் உருவாக்கிக் காட்டினார்கள். அதன் அரிசியில் காட்மியம் ஏறுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைந்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், செடி பச்சைப்பசேல் என்று இருப்பதைப் பார்த்து மண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். சாக்கடை ஓரத்திலும் பட்டறைக் கழிவு பாயும் இடத்திலும் கீரை தளதளவென்று வளரும். கீரைகள் காட்மியத்தை இலைக்கு ஏற்றுவதில் கைதேர்ந்தவை. இலையின் மேல் படியும் மண்ணிலும் காரீயம் இருக்கலாம். உலோகத்தைச் செல்லுக்குள் மூட்டை கட்டி வைத்துவிட்ட செடி, வெளியே ஓர் அறிகுறியும் காட்டாது.

அதனால் வீட்டில் கீரை வாங்கும்போது அது எந்த ஊர்க் கீரை, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று அம்மாவையோ கீரைக்காரரையோ கேளுங்கள். மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். அலசினால் மேலே ஒட்டிய மண் போகும். இலைக்குள் இருக்கும் காட்மியம் போகாது. அது ஒரு தனிமம், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் சட்டியிலேயேதான் இருக்கும்.